மணவிலக்கும் ஓய்வூதியமும்: சட்டம் நடந்து வந்த வழி

நம்மில் பலர் ஊரை விட்டு வடக்கே வந்தது சர்க்கார் உத்தியோகத்தை நம்பித்தான். சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டு கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏறியவர்கள் கணக்கு, தணிக்கை, ரயில்வே, தபால் என்று ஏதாவது ஒரு துறையில் ஒட்டிக்கொண்டார்கள். தலைநகர்த் தமிழ்க் குடும்பங்களில் மாப்பிள்ளை பார்க்கும்போது ஜாதகத்துக்கு அடுத்தபடியாக விசாரிக்கப்பட்டது, "பென்ஷன் உண்டோ?" என்பதுதான். பெண்ணைப் பெற்றவர்கள் அந்தப் பென்ஷனைத் தங்கள் பெண்ணுக்கும் சேர்த்துக் கிடைக்கப்போகிற ஒன்றாகவே நினைத்தார்கள். கல்யாணம் நிலைத்தவரை அந்த நினைப்பில் தவறும் இல்லை. கல்யாணம் முறிந்தால் என்ன ஆகும் என்று அன்று யாரும் கேட்கவில்லை, கேட்பது அபசகுனம்.

மத்திய அரசுக் கணக்குத் துறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அதில் பெரும் பகுதி பென்ஷன் பிரிவில் கழிந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் ஒரு கேள்வியின் வரலாற்றை இந்தக் கட்டுரையில் பார்க்க விரும்புகிறேன். முப்பது வருஷம் குடும்பம் நடத்திய பிறகு கணவனும் மனைவியும் பிரிந்தால், அந்த முப்பது வருஷத்தில் சேர்ந்த சேமநிதி, பணிக்கொடை, ஓய்வூதியம் இவற்றில் அந்த மனைவிக்குப் பங்கு உண்டா?

சுருக்கமான பதில், பங்கு என்ற பெயரில் இல்லை என்பது. ஜீவனாம்சம் உண்டு, நஷ்ட ஈடு மாதிரி ஒரு மொத்தத் தொகை உண்டு. ஆனால் "இதில் பாதி என்னுடையது" என்று சொல்லும் உரிமை நம் நாட்டுச் சட்டத்தில் பொதுவாக இல்லை. ஏன் இல்லை என்பதற்கு ஒன்றரை நூற்றாண்டு பின்னால் போகவேண்டும்.

ஓய்வூதியச் சட்டம் 1871ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அந்த ஆண்டின் 23ஆம் சட்டம். அன்றைக்குப் பென்ஷன் என்றால் குமாஸ்தாவின் பென்ஷன் மட்டும் அல்ல. கும்பினியார் ராஜ்யங்களைப் பிடுங்கிக்கொண்டு, பதவி இழந்த ராஜ வம்சத்தாருக்குப் படியளந்த தொகைக்கும் அதே பெயர்தான். இதற்கு நம் பக்கத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. தஞ்சையின் கடைசி மன்னர் சிவாஜி 1855இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் கும்பினி அரண்மனையைப் பூட்டி முத்திரை வைத்தது. ராஜாவின் சொந்தச் சொத்தையாவது கொடுங்கள் என்று மூத்த ராணி காமாட்சி பாயி சாகேபா வழக்குப் போட்டார். சென்னையில் ஜெயித்தார். 1859இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை மாற்றிவிட்டது. ஓர் அரசு இன்னோர் அரசின்மேல் எடுத்த நடவடிக்கையில் நீதிமன்றம் தலையிட முடியாது என்றது தீர்ப்பு. பிற்பாடு சர்க்கார் சொத்தைத் திருப்பிக் கொடுத்தது உண்மை. ஆனால் அது உரிமையாகக் கிடைக்கவில்லை, தயவாகக் கிடைத்தது.

இந்த மனப்பான்மையோடுதான் 1871 சட்டம் பிறந்தது. ஓய்வூதியம் என்பது சர்க்கார் கருணையால் கொடுப்பது. அது பற்றிய வழக்கைக் கலெக்டரின் சான்று இல்லாமல் சிவில் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளக் கூடாது. 11ஆம் பிரிவின்படி, கடன்காரர் யாரும் நீதிமன்றத்தின் வழியாக அதை ஜப்தி செய்ய முடியாது. 12ஆம் பிரிவின்படி, இனிமேல் வரப்போகும் பென்ஷனை முன்கூட்டியே இன்னொருவருக்கு எழுதிக்கொடுத்தால் அந்தப் பத்திரம் செல்லாது. பென்ஷன்காரரே மனம் உவந்து, "வருகிற பென்ஷனில் பாதி உனக்கு" என்று மனைவிக்கு எழுதிக்கொடுத்தாலும் இதே கதிதான். மார்வாடிக் கடையில் பென்ஷனை அடகு வைத்துவிட்டு முதியவர்கள் தெருவில் நிற்கக் கூடாது என்பது நல்ல எண்ணம், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கவசத்தின் வெளிப்பக்கத்தில் கடன்காரனோடு சேர்ந்து மனைவியும் நிற்கவேண்டி வந்தது.

சேமநிதிக்கும் இதே கதைதான். 1897இல் ஒரு சட்டம், அதற்குப் பதிலாக 1925இல் இன்னொரு சட்டம், தொழிலாளர்களுக்கு 1952இல் தனிச் சட்டம் என்று வந்தன. எல்லாவற்றிலும் பணத்தை ஜப்தி செய்ய முடியாது என்ற விதி மாறாமல் தொடர்ந்தது. பணிக்கொடைக்கு 1972இல் சட்டம் வந்தபோதும் அப்படியே. 1952, 1972 சட்டங்கள் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் 2025 நவம்பரில் அடங்கிவிட்டன.

இது ஒரு பக்கம். மறுபக்கம், விவாகரத்து என்பதே நம்மவர்களுக்குச் சட்டப்படி தாமதமாக வந்தது. வழக்கத்தில் இருந்தது என்பது வேறு. தமிழ்நாட்டில் எத்தனையோ சமூகங்களில் "அறுத்துக் கட்டுவது" காலம் காலமாக உண்டு. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கொண்டுவந்த பாத்திரம் பண்டத்தை எண்ணித் திருப்பி வாங்கிக்கொண்டு பெண் பிறந்த வீட்டுக்குப் போவாள். அந்தக் கணக்கு அன்றைக்கே தீர்ந்துவிடும், ஏனென்றால் முப்பது வருஷம் கழித்து வரப்போகிற பணம் என்று ஒன்று அப்போது கிடையாது. எழுத்துச் சட்டமாகப் பார்த்தால், கிறிஸ்தவர்களுக்கு 1869லேயே மணவிலக்குச் சட்டம் வந்தது. இந்துக்களுக்குப் பம்பாய் மாகாணத்தில் 1947லும் சென்னை மாகாணத்தில் 1949லும் வந்தது. நாடு முழுமைக்கும் 1955இல் இந்துத் திருமணச் சட்டம் வந்து, பழைய வழக்கப்படியான முறிவையும் 29ஆம் பிரிவில் காப்பாற்றிக் கொடுத்தது. இருவரும் ஒத்துப் பிரிவதற்கான வழி 1976இல்தான் சேர்ந்தது.

1955 சட்டத்தில் பணம் பற்றிய பிரிவுகள் இரண்டு முக்கியம். 25ஆம் பிரிவு நிரந்தர ஜீவனாம்சம் பற்றியது. மொத்தமாகவோ மாதாமாதமோ கொடுக்கச் சொல்லலாம், தேவைப்பட்டால் எதிராளியின் அசையாச் சொத்தின்மேல் பாத்தியதை வைக்கலாம். 27ஆம் பிரிவு சொத்து பற்றியது. ஆனால் அதில் சொல்லப்படுவது கல்யாணத்தின்போது, அல்லது அதை ஒட்டி, இருவருக்கும் பொதுவாக வந்த பரிசுப் பொருள்கள் மட்டுமே. குத்துவிளக்கும் வெள்ளித் தட்டும் பங்குக்கு வரும். அதற்குப் பிறகு முப்பது வருஷத்தில் சம்பாதித்தது அவரவர் பெயரில் இருப்பது அவரவருக்கு. கணவன், மனைவி சொத்து தனித்தனி என்ற இந்தக் கோட்பாடு கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஒருவர் மட்டும் சம்பளம் வாங்குகிற வீட்டில் அது எப்படி வேலை செய்யும் என்று மட்டும் யோசித்துப் பார்க்கவேண்டும்.

இந்தியாவிலேயே இதற்கு ஒரு விலக்கு உண்டு, அது கோவா. போர்ச்சுக்கீசியர்கள் 1867இல் எழுதிய சிவில் சட்டம் அங்கே 1870 முதல் நடைமுறைக்கு வந்தது. 1961இல் கோவா இந்தியாவோடு சேர்ந்த பின்னும், 1962இல் இயற்றிய சட்டத்தின் மூலம் அது தொடர்ந்தது. கல்யாணத்துக்கு முன் வேறு ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் தம்பதியின் சொத்து இருவருக்கும் பொது. பிரிந்தால் ஆளுக்குப் பாதி. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். கோவாத் தம்பதிகளுக்காக 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 5ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். வீட்டு வாடகை, வியாபார லாபம் எல்லாவற்றையும் புருஷன் பெண்டாட்டி இருவர் கணக்கிலும் பாதிப் பாதியாக எழுதச் சொன்ன அந்தப் பிரிவு, சம்பளத்தை மட்டும் விட்டுவிட்டது. வரிக் கணக்கில் பென்ஷனும் சம்பளத் தலைப்பில்தான் வரும். எல்லாம் பொது என்கிற ஊரிலும் வரிக்காரர் கண்ணுக்குச் சம்பளமும் பென்ஷனும் சம்பாதித்தவருடையதாகவே இருந்தன!

பென்ஷன் பற்றிய பழைய பார்வை மாறவில்லையா என்றால், மாறியது. 1971இல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் பென்ஷன் ஒரு சொத்து, சர்க்கார் மனம்போனபடி நிறுத்த முடியாது என்றது. 1982 டிசம்பர் 17ஆம் தேதி நகாரா வழக்கின் தீர்ப்பு வந்தது. பென்ஷன் பிச்சை அல்ல, அது உழைத்த காலத்துக்குப் பின்னால் தள்ளிவைத்துக் கொடுக்கப்படுகிற கூலி என்ற கருத்து அதில் ஆணித்தரமாக நிலைநாட்டப்பட்டது. அந்தத் தேதியைத்தான் இன்றும் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறோம், லட்டு விநியோகம் உட்பட.

எனக்கு இங்கேதான் ஒரு கேள்வி எழும். பென்ஷன் என்பது பின்னால் தரப்படும் கூலி என்றால், அந்தக் கூலி சம்பாதிக்கப்பட்ட காலத்தில் காலை ஐந்து மணிக்கு எழுந்து டிபன் கட்டிக் கொடுத்து, சர்க்கார் குவார்ட்டர்ஸில் குழந்தைகளை வளர்த்து, இடமாற்றத்துக்கு இடமாற்றம் மூட்டை கட்டியவளுக்கு அதில் எவ்வளவு? சர்க்காருக்கும் ஊழியருக்கும் இடையில் பென்ஷன் உரிமையாகிவிட்டது. ஊழியருக்கும் அவர் மனைவிக்கும் இடையில் அது 1871லேயே நின்றுவிட்டது.

குடும்ப ஓய்வூதியத்தை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். 1964 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திட்டம் அது. ஊழியர் இறந்தால் விதவைக்கு ஆயுள் முழுக்க ஒரு தொகை. இதற்காக ஊழியரின் பணிக்கொடையில் இரண்டு மாதச் சம்பளத்துக்குச் சமமானதைப் பிடித்தார்கள். 1977 செப்டம்பரில் அந்தப் பிடித்தம் நின்றது. மனைவிக்கு இதில் கிடைத்த பாதுகாப்பு சாதாரணமானது அல்ல. கணவர் கோபத்தில் உயில் எழுதி வேறு யாருக்கும் இதைக் கொடுத்துவிட முடியாது. 1991இல் ஒரு ரயில்வே ஊழியரின் மனைவி தொடர்பான வழக்கில், குடும்ப ஓய்வூதியம் இறந்தவரின் சொத்தில் சேராது, அதை உயில் மூலம் மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கணவனும் மனைவியும் தனித்தனியே வாழ நீதிமன்றம் உத்தரவு கொடுத்திருந்தாலும், நடத்தைக் குற்றச்சாட்டு நிரூபணமாகாதவரை, மனைவி குடும்பத்தின் அங்கம்தான்.

முதல் மனைவி உயிரோடு இருக்கும்போதே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டவர்களின் வழக்குகளும் நிறைய வந்தன. மத்திய அரசு ஊழியருக்கு நடத்தை விதிகளே அதைத் தடை செய்கின்றன. தடை செய்து என்ன, நடக்காமலா இருந்தது? 2000இல் பீகார் அரசு ஊழியர் ஒருவரைப் பற்றிய தீர்ப்பில், சட்டப்படி செல்லாத இரண்டாம் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடையாது, அவள் பெற்ற பிள்ளைகளுக்கு உண்டு என்றது உச்ச நீதிமன்றம். நம்மவர்கள் விஷயத்தில் இது வேறு ரூபத்தில் வரும். "சார், எங்க ஊர்ல பஞ்சாயத்து வச்சு தீர்த்தாச்சு, இதோ பத்திரம்" என்று இருபது ரூபாய் முத்திரைத் தாளை நீட்டுவார்கள். அப்படிப்பட்ட வழக்கம் தம் சமூகத்தில் நெடுங்காலமாக உண்டு என்பதை நீதிமன்றத்தில் நிரூபித்தாலொழிய அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. ஆகவே ஊரில் அறுத்துவிட்டுப் போன முதல் மனைவி, தனக்கே தெரியாமல், சர்க்கார் கணக்கில் மனைவியாகவே இருந்துவருவாள். இவர் காலமான பிறகு அவளுக்குத்தான் பென்ஷன் போகும். இரண்டாமவள் பல வருஷம் கூட இருந்து பணிவிடை செய்திருந்தாலும் வெறுங்கைதான்.

முறையாக நீதிமன்றத்தில் மணவிலக்கு ஆகிவிட்டால் கதை தலைகீழாகிறது. தீர்ப்பு வந்த நாளோடு மனைவி குடும்பத்துக்கு வெளியே. கல்யாணம் ஆகி ஒரு வருஷமா, முப்பத்தைந்து வருஷமா என்ற பேச்சே இல்லை. இதை 1989இல் வந்த பகவந்தி வழக்கோடு சேர்த்து வைத்துப் பார்க்கவேண்டும். ஓய்வு பெற்ற பிறகு ஒருவர் கல்யாணம் செய்துகொண்டால், அந்த மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டா என்பது அதில் கேள்வி. உண்டு, மறுப்பது பாரபட்சம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு சரியானதே. வயதான காலத்தில் துணையாக வந்தவளை விட்டுவிடக் கூடாது. ஆனால் விளைவைப் பாருங்கள். சர்வீஸ் முப்பது வருஷமும் கூட இருந்து, 58 வயதில் விவாகரத்து ஆனவளுக்கு ஒன்றும் இல்லை. 62 வயதில் வந்து சேர்ந்தவளுக்கு முழுக் குடும்ப ஓய்வூதியம். சர்வீஸ் காலத்துக்கும் அதில் மனைவியின் உழைப்புக்கும் இந்த விதியில் ஒட்டுறவே இல்லை. கணவர் இறக்கிற நாளில் யார் மனைவி என்பது ஒன்றுதான் கேள்வி.

விதிகளைப் புரட்டிக்கொண்டு போனால் இன்னும் விநோதமான ஓர் இடம் வரும். 2021இல் புதிய விதிகள் வரும்வரை நடைமுறையில் இருந்த 1972ஆம் ஆண்டு மத்திய அரசு ஓய்வூதிய விதிகளில் 54ஆவது விதி. இறந்தவருக்கு இரண்டாவது மனைவி இருந்து, விவாகரத்தான முதல் மனைவி மூலம் தகுதியுள்ள குழந்தையும் இருந்தால், விவாகரத்து ஆகாமல் இருந்திருந்தால் அந்தத் தாய்க்கு என்ன பங்கு வந்திருக்குமோ அந்தப் பங்கு குழந்தைக்குப் போகவேண்டும் என்றது. அதாவது விவாகரத்தானவளின் பங்கு எவ்வளவு என்று சர்க்காருக்குக் கணக்குப் போடத் தெரிந்தே இருக்கிறது. கணக்குப் போட்டு, அவளைத் தாண்டிக் குழந்தையிடம் கொடுக்கிறது. குழந்தைக்கு வயது முடிந்தால் அந்தப் பங்கும் அதோடு சரி.

சேமநிதியில் வேறு மாதிரி. 1952ஆம் ஆண்டுத் தொழிலாளர் சேமநிதித் திட்டத்தின்படி, கல்யாணத்துக்கு முன் செய்த நியமனம் கல்யாணம் ஆனதும் தானாகவே செல்லாததாகிவிடும். ஆகவே அம்மா பெயரை எழுதி வைத்த பையன், கல்யாணம் ஆனதும் புதிதாக எழுதவேண்டும். அதே திட்டம் "குடும்பம்" என்பதற்குச் சொன்ன இலக்கணத்தைக் கவனித்தால், ஆணுக்கு ஒரு விதி, பெண்ணுக்கு ஒரு விதி. பெண் ஊழியர் தன் கணவரைக் குடும்பத்திலிருந்து நீக்க ஒரு கடிதம் எழுதினால் போதும். ஆண் ஊழியர் மனைவியை நீக்கவேண்டுமானால், அவளுக்கு ஜீவனாம்ச உரிமை இல்லாமல் போய்விட்டது என்று நிரூபிக்கவேண்டும். அந்தக் கால அதிகாரிகள் மனைவியைச் சும்மா விட்டுவிடவில்லை என்பதற்கு இது சாட்சி. ஆனால் அவர்கள் யோசித்ததெல்லாம் ஊழியர் இறந்தால் பணம் யார் கைக்குப் போகும் என்பதை மட்டும்தான். உயிரோடு இருவரும் பிரிந்தால் என்ன என்பது அவர்கள் மனதில் இல்லை.

அப்படியானால் விவாகரத்தானவளுக்குச் சட்டத்தில் எஞ்சுவது ஜீவனாம்சம். 1974 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, மறுமணம் செய்துகொள்ளாத விவாகரத்தான பெண்ணையும் "மனைவி" என்ற சொல்லுக்குள் கொண்டுவந்தது. ஆனால் மாதம் 500 ரூபாய்தான் உச்ச வரம்பு; அது 2001 வரை நீடித்தது! 2024 ஜூலை முதல் அதே பிரிவு புதிய சட்டத்தில் 144ஆக இருக்கிறது. பென்ஷனிலிருந்து ஜீவனாம்சத்தைப் பிடிக்க முடியுமா என்பது பல காலம் வழக்கறிஞர்களுக்கு நல்ல வேலை கொடுத்தது. கணவர்கள் 1871ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூக்கிக் காட்டுவார்கள். "ஜப்தி பண்ண முடியாதுன்னு சட்டமே சொல்லுதே சார்" என்று என் மேஜைக்கு முன்னால் நின்று வாதாடியவர்களை எனக்குத் தெரியும். பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு உட்படச் சில நீதிமன்றங்கள், மனைவி கடன்காரி அல்ல, அந்தக் கவசம் அவளுக்கு எதிராக நிற்காது என்று சொல்லிவிட்டன. சம்பளத்தைப் பொறுத்தவரை சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவே இந்த வேறுபாட்டை ஒப்புக்கொண்டிருக்கிறது. சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தப்பும். ஜீவனாம்சத் தீர்ப்புக்கு மூன்றில் ஒரு பங்குதான் தப்பும்.

2017இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் கணவரின் நிகரச் சம்பளத்தில் நான்கில் ஒரு பங்கு ஜீவனாம்சமாக இருக்கலாம் என்று ஓர் அளவைக் காட்டியது. 2020இல் ரஜ்னேஷ் வழக்கில், இருவரும் தங்கள் வருமானத்தையும் சொத்தையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யவேண்டும் என்றது. நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும் ஜீவனாம்சத்துக்கும் பங்குக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. ஜீவனாம்சம் கேட்கிறவள் தன் இல்லாமையை நிரூபிக்கவேண்டும். மறுமணம் செய்தால் அது ரத்தாகலாம். முக்கியமாக, அவர் காலமானதும் பென்ஷன் நின்றுபோகும். அதிலிருந்து பிடித்துக் கொடுக்க எதுவும் இருக்காது. குடும்ப ஓய்வூதியத்திலோ அவளுக்கு இடம் இல்லை.

இனி நான் சொல்லப்போவதுதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. 2004 ஆகஸ்டில் மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. விதவையான அல்லது விவாகரத்தான மகள், வயது வரம்பு இல்லாமல், தகுதிகள் சரியாக இருந்தால், தன் பெற்றோரின் குடும்ப ஓய்வூதியத்தைப் பெறலாம். அதற்கு முன் 25 வயதோடு நின்றுவிடும். பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே விவாகரத்துத் தீர்ப்பு வந்திருக்கவேண்டும் என்ற நிபந்தனையால் பலர் தவித்தார்கள், நம் நீதிமன்றங்களின் வேகம் அப்படி. 2017 ஜூலையில் அதையும் தளர்த்தினார்கள்: பெற்றோர் காலத்தில் மனு தாக்கல் ஆகியிருந்தால் போதும்.

ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சோறு போடுகிற உத்தரவு இது, இதைப் பாராட்டாமல் இருக்க முடியாது. நான் ஓய்வு பெற்ற பிறகு இந்தப் படிவங்களை நிரப்பித் தரச் சொல்லிப் பக்கத்துக் காலனிகளிலிருந்து வருகிறவர்கள் உண்டு. ஐம்பது வயது தாண்டிய ஓர் அம்மாள் வந்திருந்தார். தகப்பனார் தபால் துறையில் எழுத்தர், காலமாகிவிட்டார், தாயாரும் இல்லை. மாஜி கணவர் மத்திய அரசில் கெஜட்டட் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இருபத்தாறு வருஷத் தாம்பத்தியம். "அப்பா பென்ஷன் எனக்கு வரும்கறேள், சந்தோஷம். அப்பாவுக்கு நான் சமைச்சுப் போட்டது கல்யாணம் வரைக்கும்தான். இருபத்தாறு வருஷம் சமைச்சுப் போட்ட இடத்துல எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார். பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகும் அவளுடைய பாரம் பிறந்த வீட்டைச் சேர்ந்தது என்ற பழைய நினைப்பு சர்க்கார் உத்தரவிலும் நுழைந்துவிட்டது என்பதைத் தவிர அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. கீழ்நிலை எழுத்தரின் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் அவருக்குக் கிடைத்தது.

மற்ற நாடுகளில் இந்தக் கேள்வியைத் தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஜெர்மனியில் 1977 முதல், திருமண காலத்தில் இருவரும் சேர்த்த ஓய்வூதிய உரிமைகளைக் கூட்டிச் சமப்படுத்துகிறார்கள். கனடாவில் 1978 முதல் பொது ஓய்வூதியத் திட்டத்தின் கணக்கைப் பிரிக்கலாம். அமெரிக்காவில் 1981இல் உச்ச நீதிமன்றம் ராணுவப் பென்ஷனைப் பிரிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அடுத்த வருஷமே அந்நாட்டுக் காங்கிரஸ் சட்டம் போட்டு அதை மாற்றியது. பிரிட்டனில் 2000 டிசம்பர் முதலும் ஜப்பானில் 2007 ஏப்ரல் முதலும் பிரிவினை வந்தது. நமக்கு 1871இல் பென்ஷன் சட்டத்தைக் கொடுத்த பிரிட்டன் தன் வீட்டில் மாற்றிக்கொண்டுவிட்டது, நாம் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறோம்!

இங்கேயும் ஒரு முயற்சி நடந்தது. 2010இல் கொண்டுவரப்பட்ட திருமணச் சட்டத் திருத்த மசோதா 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் நிறைவேறியது. விவாகரத்தின்போது கணவரின் அசையாச் சொத்தில் மனைவிக்கு உரிய பங்கை நீதிமன்றம் நிர்ணயிக்கலாம் என்பது அதன் சாரம். வீடும் மனையும் அதில் வந்தன. சேமநிதியும் பென்ஷனும் வரவில்லை. மக்களவையில் நிறைவேறுவதற்குள் 2014 தேர்தல் வந்து மசோதா காலாவதியானது. ஆனால் 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொத்து வழக்கில் வழங்கிய தீர்ப்பைத் தமிழர்கள் அறிந்துகொள்ளவேண்டும். கணவர் சவூதியில் வேலை பார்த்தார், மனைவி நெய்வேலியில் குடும்பத்தைக் கவனித்தார். கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில் இல்லத்தரசியின் உழைப்பும் அடங்கியிருக்கிறது, அவருக்குச் சம பங்கு உண்டு என்றார் நீதிபதி. அது விவாகரத்து வழக்கு அல்ல, பென்ஷனும் அதில் இல்லை. ஆனாலும் அதே நியாயத்தைப் பென்ஷனுக்குப் பொருத்திப் பார்க்க எது தடை என்று எனக்கு விளங்கவில்லை.

இதில் பெண் ஊழியர்களையும் மறந்துவிடக் கூடாது. இன்றைக்கு நம் வீட்டுப் பெண்கள்தான் பல இடங்களில் பென்ஷனுக்கு உரியவர்கள். விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது பெண் ஊழியர் இறந்துவிட்டால், குடும்ப ஓய்வூதியம் அந்தக் கணவருக்கே போய்க்கொண்டிருந்தது. 2024 ஜனவரியில் வந்த உத்தரவின்படி, அவர் முன்கூட்டி எழுதிக்கொடுத்தால் கணவருக்கு முன்னால் குழந்தைகளுக்குப் போகும். 2004க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் புதிய திட்டத்தில் கணக்கே தனித்தனியாக, பாங்க் பாஸ்புக் மாதிரி இருக்கிறது. பிரிப்பதற்கு அதைவிடச் சுலபமான பணம் கிடையாது. பிரிக்கச் சொல்லும் சட்டம்தான் இல்லை.

பென்ஷனை எப்படிப் பிரிப்பது, அவர் எத்தனை நாள் இருப்பார் என்று யாருக்குத் தெரியும் என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கு ஆசாமி என்ற முறையில் இதற்குப் பதில் சொல்லலாம். பென்ஷனில் 40 சதவீதம் வரை முன்பணமாக மாற்றிக்கொள்ள சர்க்காரே அனுமதிக்கிறது. அதற்கு வயதுவாரியாக ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. 2008ஆம் ஆண்டு அட்டவணைப்படி, 60இல் ஓய்வு பெறுபவருக்குப் பெருக்குத்தொகை 8.194. மாதம் 40,000 ரூபாய் பென்ஷன் என்றால், அதில் 16,000 ரூபாயை மாற்றிக்கொண்டால் கைக்கு வருவது 15,73,248 ரூபாய். அதே கணக்கில் முழுப் பென்ஷனின் இன்றைய மதிப்பு 39,33,120 ரூபாய். இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் இருபது வருஷம் தாம்பத்தியம் என்றால் அந்த விகிதத்துக்கு எடுத்துக்கொள்ளவேண்டியதுதான். ஐந்தாம் வகுப்புப் பையன் போடுகிற கணக்கு.

ஒத்துப் பிரிகிறவர்கள் இப்போது இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டு வருகிறார்கள். வக்கீல் எழுதிய மனு நகலோடு என்னிடம் வருவார்கள். பணிக்கொடை இவ்வளவு, சேமநிதி இவ்வளவு, பென்ஷன் மதிப்பு இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பேன். அதில் பாதியா, கால்பாகமா என்பதை அவர்கள் பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். பணிக்கொடை கைக்கு வந்த வாரத்தில் வரைவோலை எடுத்து நீதிமன்றத்தில் கொடுத்தவர்களும் உண்டு. மனுவில் அந்தத் தொகைக்கு எழுதப்படும் பெயர் மட்டும் "நிரந்தர ஜீவனாம்சம்". பங்கு என்று எழுதச் சட்டத்தில் இன்னும் இடம் இல்லை.